ஆறேகால் மணிக் கதவு

நியேவெஸ் கவானாவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். பதினெட்டு வருஷம் ஒரே இடத்தில் நின்றால் வேறென்ன ஆகும்? லீமா நகரத்தின் உர்தனீவியா அரசுப் பள்ளியில், மதியப் பகுதிக்கும் மாலைப் பகுதிக்கும் வாசல் கதவு அவள் பொறுப்பு. உட்கார நாற்காலி உண்டு. அதில் அவளுடைய பைதான் உட்கார்ந்திருக்கும்.

பகலில் அந்தக் கதவுக்குள் மூவாயிரம் பிள்ளைகள் போய் வருவார்கள். தச்சுப் பட்டறை, தையல், மின்வேலை, ரொட்டி அடுப்பு, பேண்டு வாத்தியம் என்று ஆளுக்கொரு வகுப்பு. மாலை ஆறு மணிக்குப் பெரியவர்களின் முறை. சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், கமாரா ஜவுளிச் சந்தையில் துணி தைக்கிறவர்கள், வீட்டு வேலைக்காரிகள் என்று பாதியில் விட்ட படிப்பை முடிக்க வருகிறவர்கள். ஆறு மணிக்கு மணி அடிக்கும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் நியேவெஸின் தாமத நோட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போகலாம். ஆறேகாலுக்குப் பூட்டு விழும். பூட்டு விழுந்தபின் மந்திரியே வந்தாலும் தெருவில்தான்.

அவள் பெற்ற மகன் ரோமெலும் அப்படித் தெருவில் நின்றவன்தான். இதே பள்ளியில் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு நாள், மதியப் பகுதிக்கு, பந்து விளையாடிவிட்டு இரண்டு நிமிஷம் பிந்தி வந்தான். அன்று அவனுக்குப் பௌதிகப் பரீட்சை. அவள் கதவைத் திறக்கவில்லை. அவன் வாசலில் மூலிகைக் கஷாயம் விற்கும் எஃப்ராசியாவின் வண்டியடியில் மாலைவரை உட்கார்ந்திருந்தான். இப்போது அவனுக்கு இருபத்தேழு வயது, வேன் ஓட்டுகிறான். அந்தக் கதையை இன்னும் விடவில்லை.

இந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் இல்லாத ஊழியர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை கிடையாது. நியேவெஸ் மேல்நிலைப் படிப்பின் ஐந்து வருஷத்தில் நான்கோடு நின்றவள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அழுது பயனில்லை என்று, மார்ச் மாதம் தன் பள்ளியின் மாலை வகுப்பிலேயே சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தில் ‘காப்பாளர்’ என்றொரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் கணினி ஏற்கவில்லை. மகன் பெயரைப் போட்டாள்.

ஆறேகாலுக்குக் கதவைப் பூட்டிவிட்டு வகுப்புக்கு நடந்தால் ஆறு பதினேழு ஆகும். ஆறுக்குமேல் வகுப்புக்கு வருகிறவர் எல்லாரும் நோட்டில் எழுத வேண்டும். எனவே முதல் நாளே கடைசி வரியில் தன் பெயரையும் எழுதினாள். மறுநாளும் எழுதினாள். அதில் நேர்மை என்று ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

நவம்பரில் மாலைப் பகுதியின் பொறுப்பாளர் அம்புவேரோ அவளைக் கூப்பிட்டார். மேசையில் அந்த நோட்டு.

"நியேவெஸம்மா, இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"நூத்தி அறுபத்தஞ்சு தாமதம். மூணு தாமதம் சேந்தா ஒரு லீவு. அப்போ அம்பத்தஞ்சு லீவு. அம்பத்திநாலு தாண்டினா கடைசிப் பரீட்சை எழுத முடியாது."

"ஒண்ணுதானே சார் கூடுது?"

"ஒண்ணுன்னாலும் கூடுது. இதை உங்களை யாரு எழுதச் சொன்னாங்க?"

"நீங்கதான் சார். ஆறுக்கு மேல வர்றவங்க யாரா இருந்தாலும்னு சொன்னீங்க."

அம்புவேரோ கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். "பக்கத்தைக் கிழிச்சிடலாமா?"

"நம்பர் போட்ட நோட்டு சார்."

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. காரணம் எழுதிக் காப்பாளர் கையெழுத்திட்டால் தாமதங்கள் தள்ளுபடி ஆகும். பட்டியல் மறுநாள் காலை கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. கையெழுத்து இன்றே வேண்டும்.

ரோமெலுக்குப் போன் செய்தாள். அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"உனக்கு நான் காப்பாளரா? டீச்சர் கூப்பிட்டு விட்டாங்களா? என்னம்மா பண்ணித் தொலைச்ச?"

"ஆறேகாலுக்குள்ள வாடா."

ஆறு மணிக்கு வரவில்லை. ஆறு பத்துக்கும் வரவில்லை. அவென்யூவில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். ஆறேகாலுக்கு அவள் தெருவை இருபக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பூட்டினாள். அன்று வகுப்புக்குப் போகாமல் கதவருகேயே நின்றாள்.

ஆறு இருபத்தொன்றுக்கு ரோமெல் ஓடி வந்து கம்பியைப் பிடித்தான். "திறம்மா!"

"மணி என்ன?"

"அய்யோ, உன் வேலைக்காகத்தானே வந்திருக்கேன்!"

"தெரியும். மணி என்ன?"

எஃப்ராசியா கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நிக்காத தம்பி, உன் பழைய இடம் இங்க காலியாத்தான் இருக்கு. வந்து உக்காரு."

நியேவெஸின் கை சாவிமேல்தான் இருந்தது. திறந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆறு பதினெட்டுக்கு ஓடி வந்த தையல்காரி ஒருத்தியை அப்போதுதான் திருப்பி அனுப்பியிருந்தாள். அவள் இன்னும் தெருமுனை திரும்பவில்லை.

சாவியை விட்டுவிட்டு, படிவத்தை மடித்துக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினாள். பேனாவையும் நீட்டினாள்.

"ஆள்தான் உள்ள வரக்கூடாது. காகிதம் வரலாம்."

ரோமெல் அவளைப் பார்த்தான். பிறகு கஷாய வண்டியின் பலகையில் படிவத்தை விரித்து, நாக்கை மடித்துக்கொண்டு எழுதினான். திருப்பிக் கொடுக்கும்போது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டான்.

"காப்பாளர்ங்கிற முறையில சொல்றேன். இனிமே நேரத்துக்குக் கிளம்பு. இன்னொரு தடவை என்னைக் கூப்பிட வச்ச, வீட்ல பேச்சே வேற."

"சரிங்க சார்" என்றாள் நியேவெஸ்.

காரணம் என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தது ஒரே வரி: ‘கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.’

அம்புவேரோ அதை இரண்டு முறை படித்தார். முத்திரையைக் குத்தினார். பிறகு கையை நீட்டி, "சாவியைக் குடுங்க. நாளையிலேருந்து ஆறு மணிக்கு நான் நிக்கறேன். நீங்க வகுப்புக்குப் போங்க" என்றார்.

கொடுக்க அவளுக்கு மனசில்லை. கொடுத்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்ததில் கால் வலி கொஞ்சம் குறைந்தது. ஆசிரியர் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். பூட்டு விழும் சத்தம் கேட்டபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம் லேட்டு" என்று பக்கத்திலிருந்த மூட்டைக்காரரிடம் சொன்னாள்.

"நீ கணக்கைப் பாரு தாயி" என்றார் அவர்.

பார்த்தாள். டிசம்பரில் கணக்கில் இருபதுக்குப் பதினான்கு வாங்கித் தேறினாள். சான்றிதழ் கைக்கு வந்த அன்று மாலையே அம்புவேரோவிடம் போய்ச் சாவியைத் திரும்பக் கேட்டாள்.