செல்போனைப் பிடுங்கிய கை

திருப்பூரில், நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் நான் டியூட்டி டாக்டராக இருந்தபோது, ஒரு மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பனியன் கம்பெனித் தொழிலாளி யாராவது நெஞ்சுவலி என்று வந்தால் உடனே ஈசிஜி எடுத்து, ஆய்வுக்கென்று கொடுத்த செல்போனில் படம் பிடித்து, கோயம்புத்தூரில் இருக்கும் இதய நிபுணருக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்துப் பதில் சொல்வார். இப்படிச் செய்தால் கூடுதலாகப் பிழைக்கிறார்களா என்பதுதான் ஆய்வு. நல்ல ஏற்பாடுதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள். பொம்மைக்கு மாரடைப்பு வரும், கம்ப்யூட்டரில் கோடு ஏறி இறங்கும், நாங்கள் படம் அனுப்புவோம், மரியாதையாகப் பதில் வரும், பொம்மை பிழைத்துக்கொள்ளும். எனக்குத்தான் முதலிடம். பெருமை பிடிபடவில்லை. அந்தப் பொம்மைக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் துணி மூட்டை ஏற்றுகிற டெம்போவில் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். நாற்பது வயது இருக்கும். சட்டை நனைந்து உடம்பில் ஒட்டியிருந்தது. கூட வந்தவர்களில் முன்னால் நின்றவர் அந்தத் தையல் லைனுக்கே சூப்பர்வைசர். நோயாளியின் மனைவிக்குத் தம்பி. எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஈசிஜி எடுத்தேன். மாரடைப்பு போலவும் இருந்தது, முழுதாக நம்பவும் முடியவில்லை. வலி முதுகுக்குப் போகிறது என்று வேறு சொன்னார். மாரடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும். பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். கொடுக்கக்கூடிய மாத்திரைகளைக் கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, படத்தை அனுப்பிவிட்டுச் செல்போனைப் பார்த்தபடி நின்றேன். நர்ஸ் அக்கா ஊசியைக் கலக்கத் தயாராக வைத்திருந்தார். நிபுணரின் ஒரு வார்த்தைதான் பாக்கி.

திருப்பூரில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். கம்பெனிக்குள் போகும்போதே செல்போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒளித்துக் கொண்டுபோய் லைனில் எடுத்தால் சூப்பர்வைசர் வந்து பிடுங்குவார். வேலை நேரத்தில் கையில் செல் இருந்தால் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். வருஷக் கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்த மனிதர் கண்ணில், அத்தான் துடித்துக்கொண்டிருக்கும்போது செல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நான் பட்டேன்.

"ஏட்டி, மனுசன் சாவக் கெடக்கான், நீ செல்லை நோண்டிட்டு இருக்கியா?"

"ஏனுங்க, பெரிய டாக்டருக்குத்தானுங்க அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பொறுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை வந்துவிட்டது. பிடுங்கினார். பிடுங்கிய கையிலேயே செல்போன் டிங் என்று ஒலித்தது.

"அதுதானுங்க பதிலு! குடுங்க!"

நான் பாய்ந்தேன். அவர் அதைத் தரையில் ஓங்கி அடித்தார். கண்ணாடி சிதறியது. பூட்ஸ் காலால் மிதித்தார். குனிந்து பொறுக்கப் போன என் முகத்தில் அறைந்தார். அறை என்றால் சினிமா அறை இல்லை. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று நாக்கில் விழுந்தது. அடி வாங்கும்போதுகூட "அடிக்காதீங்க, அடிக்காதீங்க" என்று மரியாதை விடாமல் சொன்ன என் வாயை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

அவர் ஆரம்பித்து வைத்ததை மற்றவர்கள் தொடர்ந்தார்கள். மருந்து அலமாரிக் கண்ணாடி போனது. டிரிப் ஸ்டாண்டைத் தூக்கி ஒருவன் ஜன்னலில் அடித்தான். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மிஷின் தள்ளுவண்டியோடு கவிழ்ந்தது. நர்ஸ் அக்காவைச் சுவரோடு தள்ளி, ஊசிக் குப்பியைத் தட்டிவிட்டார்கள். ஒருவன் மூலையில் நின்று எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் செல்லை யாரும் பிடுங்கவில்லை.

கட்டிலில் இருந்தவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "மாப்ள, வேண்டாம்ல... அந்தப் பிள்ளைய விடுல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. கண் மேலே சொருகியது.

நான் கட்டிலில் ஏறி அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். என் வாயிலிருந்து ரத்தம் அவர் பனியனில் சொட்டியது. நர்ஸ் அக்கா ஷாக் மிஷினை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "வயரு புடுங்கிட்டு வந்துருச்சு கண்ணு" என்று அழுதார். "எவனாவது வந்து அழுத்துங்கடா!" என்று கத்தினேன். அப்போதுதான் வாயிலிருந்து 'டா' வந்தது. சூப்பர்வைசர்தான் வந்தார். என்னை அடித்த அதே கையால், நான் காட்டியபடி அழுத்தினார். மாற்றி மாற்றி அழுத்தினோம். விலா எலும்பு முறிவது இரண்டு பேருக்கும் கேட்டது. கட்டிலில் இருந்தவர் பிழைக்கவில்லை.

நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வரவேற்பறை டெலிபோன் அடித்தது. இதய நிபுணர். "என்னம்மா, ஊசி போட்டாச்சா? மாரடைப்புதான், தயங்காம போடுன்னு அப்பவே அனுப்பிட்டேனே, பதிலே காணோம்?" நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

ஆய்வுக் கூட்டத்தில், கருவி பழுதானதால் அந்த நோயாளியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று திரையில் போட்டார்கள். "பழுதாகலீங்க, உடைச்சாங்க. என்னையும் சேர்த்துத்தான் உடைச்சாங்க" என்றேன். உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்றார் பேராசிரியர். உதட்டுத் தையல் பிரிக்காத நிலையில் அதற்கு மேல் கத்த முடியாது என்பதால் உட்கார்ந்தேன். அந்தத் திரையை உடைக்கத்தான் கை துறுதுறுத்தது.

போலீஸ் வழக்கில் ஜாமீனில் வந்த பிறகு சூப்பர்வைசர் ஒருநாள் என் அறைக்கு வந்தார். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, நறுக்கென்று நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் உட்காரவில்லை.

"டாக்டரம்மா, அந்தச் செல்லு என் கையில இருக்கும்போது ஒரு சத்தம் வந்துச்சே. அது என்னது? தூங்க முடியல."

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யில் ஒரு மனிதன் தூங்கிவிட்டுப் போயிருப்பான். ஆனால் இந்த ஆளுக்கு நானும் ஓர் அடியாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

"ஊசியப் போடச் சொல்லி வந்த பதிலுங்க அது. போட்டிருந்தாப் பொழைச்சிருக்கலாம்."

அவர் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். மாறி மாறி, மூக்கில் ரத்தம் வரும்வரை அறைந்தார். நான் எழுந்து தடுக்கவில்லை. இன்னும் அடிக்கட்டும் என்றுதான் இருந்தது. பிறகு அவர் திடீரென்று நிறுத்திவிட்டு, வாசல் பக்கம் பார்த்து "அக்கா" என்றார்.

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில், பேசுவது கேட்கும் தூரத்தில், இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்க அவர்தான் தம்பியைக் கூட்டிவந்தாராம். அதை நர்ஸ் அக்கா பிறகு சொன்னார். தம்பி மறுபடியும் "அக்கா" என்று கூப்பிட்டார். அந்த அம்மா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.