டென்மார்க்காரருக்கு வைத்த கூறு

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் பனிக்குள் கிடக்கும் மூன்று தேசங்களைப் பற்றி எங்கள் கொல்லிமலையில், சோளக்காடு ஊர் டீக்கடையில் உட்கார்ந்து அளந்துவிட்டு, அதனால் சொந்த மகளின் கல்யாணத்துக்கே வேட்டு வைத்துக்கொள்வேன் என்று நான் நினைக்கவில்லை.

என் மகள் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு முடித்து, மேல்படிப்புக்கு நார்வே போனாள். வேலையும் அங்கேயே கிடைத்தது. போன தை மாதம் போன் செய்து, கூடப் படித்த நார்வேக்காரப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். என் மனைவி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அந்தப் பையன் என்னென்ன சாப்பிடுவான் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அழவில்லை. ஆனால் அவ்வளவு தூரத்தில் ஒரு காய்ச்சல் தலைவலி என்றால் என் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம் மட்டும் உள்ளுக்குள் கிடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் மலையில், எங்கள் வாசலில், பங்காளிகள் அத்தனை பேரும் நிற்க நடக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் என்றால் நார்வேயிலேயே ஒரு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன், ஆனால் அப்புறம் இந்த மலைக்கு எந்த முகத்தோடு வருவேன் என்று தெரியாது என்றாள்.

நான் சோளக்காட்டில் மிளகும் பழமும் வாங்கி விற்கிறவன். கடைக்குப் பக்கத்து டீக்கடையில் விஷயம் பரவியதும், அவர்கள் என்ன மாதிரி ஜனங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இரண்டு வாரமாகப் போனில் படித்து வைத்திருந்த அரைகுறை அறிவு எனக்குள் பொங்கி வழிந்தது. எல்லாம் நம்மைப் போலத்தான் என்றேன். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் மூன்று மலையில் குடியேறினார்கள் என்று நம் கதை சொல்கிறதல்லவா, அதே மாதிரி டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரே பேச்சுதான் மூன்றாகப் பிரிந்தது. ஒரு காலத்தில் மூன்றுக்கும் ஒரே மகுடம். ஐஸ்லாந்து, நார்வேயிலிருந்து படகேறிப் போன குடும்பம். பின்லாந்துக்குப் பேச்சு வேறு, ஆனாலும் நெடுங்காலம் ஸ்வீடனோடு ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்தது. ஐந்து தேசத்துக் கொடிகளையும் போனில் காட்டினேன். ஒரே தையற்காரர் துணியின் நிறத்தை மட்டும் மாற்றித் தைத்தது போல, ஐந்திலும் அதே சிலுவை, அதே இடத்தில்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மூலை பெஞ்சில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மகன், எங்கள் பங்காளிகளில் மூத்தவர். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். என் அறிவைப் பார்த்து அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் வந்து நின்றார்.

"ஏப்பா, பங்காளிக்குப் பொண்ணு குடுக்கற வழக்கம் நம்மகிட்ட எப்ப இருந்துச்சு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கியபோதுதான் தலை சுற்றியது.

பதினாறு வருடத்துக்கு முன் டென்மார்க்காரர் ஒருவர், சாமை, தினை விதைகளைப் பற்றி எழுதிக்கொண்டு போக வந்து, எங்கள் வீட்டில் எட்டு மாதம் தங்கித் தமிழும் பேசப் பழகியிருந்தார். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினால், பங்காளி வீட்டுக்கு ஒன்று என்று கறியைக் கூறு போட்டுத் தேக்கிலையில் வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் பெரியப்பா எண்ணும்போது தவறிவிட்டார், ஒரு கூறு கூடிப் போனது. சாமி முன்னால் வைத்த கூறை எடுத்து மறுபடி கலக்கக் கூடாது. வரிசைக் கடைசியில் டென்மார்க்காரர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். பெரியப்பா இலையை அவர் பக்கம் நகர்த்திவிட்டார். அவரும் சாப்பிட்டுவிட்டார். கூறு வாங்கினவன் பங்காளி. அதில் மேல்முறையீடு கிடையாது.

அவர் ஊருக்குப் போன பிறகும் வருடா வருடம் அவருக்கு ஒரு கூறு வைக்கிறார்கள். அவர் தங்கிய வீடு என்ற முறையில் அதை வாங்கிச் சாப்பிடுவது என் வீடு. பதினாறு வருடக் கறியைத் தின்றுவிட்டு, அவர் பங்காளியே இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வது?

ஆக, டென்மார்க்காரர் எங்கள் பங்காளி. நார்வேக்காரர்கள் டென்மார்க்காரர்களுக்கு அண்ணன் தம்பி என்று நானே ஊரறியச் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் மாப்பிள்ளைப் பையன் என் மகளுக்கு அண்ணன் முறை. அண்ணனை எப்படிக் கட்டுவது?

அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க அண்ணா என்று இழுத்தேன்.

"உறவுல பேச்சுக்குன்னு ஒண்ணு இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் வகையறாவில் ஒரு வீடும் கல்யாணத்துக்கு வராது. கோபம் எனக்கு அவர் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

சரி, அவர்கள் உண்மையில் அண்ணன் தம்பிதானா என்று அவர்களையே கேட்டுவிடுவது என்று இறங்கினேன். அதுதான் நான் செய்த அடுத்த தப்பு. டென்மார்க்காரரை வாட்ஸப்பில் கேட்டேன். அதில் என்ன சந்தேகம், நாங்கள் ஒரே குடும்பம் என்று உடனே பதில் வந்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. ஆனால் இதை ஒரு நார்வேக்காரரிடம் அப்படியே சொல்லிவிட வேண்டாம், முன்பு நானூறு வருடத்துக்கு மேல் அவர்கள் எங்கள் ராஜாவுக்குக் கீழே இருந்தவர்கள், ஒரே குடும்பம் என்று நாங்கள் சொன்னால் அவர்களுக்கு வேறு மாதிரி கேட்கும் என்று எழுதியிருந்தார்.

மாப்பிள்ளைப் பையனிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். அவன் சிரித்தான். டென்மார்க்காரர்கள் எழுதினால் படிக்கலாம், பேசினால் வாயில் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும் என்றான். நார்வேயில் பொதுவாகப் பேச்சு புரிவது ஸ்வீடன்காரர்களுடையதுதானாம், ஆனால் பனிச்சறுக்குப் போட்டி என்று வந்துவிட்டால் அவர்களைத் தோற்கடிப்பதுபோல் இனிப்பு எதுவும் இல்லையாம். அப்படியானால் நீங்கள் வேறு வேறு ஆட்களா என்றேன். அதெப்படி, வெளிதேசத்தில் ஒரு ஸ்வீடன்காரரைப் பார்த்தால் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரிதான் என்றான். வடக்கே மான் மேய்க்கிற சாமி என்ற ஜனங்கள் இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே அங்கே இருக்கிறார்கள், நாலு தேசத்து எல்லைக்கோடும் அவர்கள் மேய்ச்சல் நிலத்தின் மேல்தான் போகிறது, அவர்களை எந்தக் கணக்கில் வைப்பீர்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டான். நான் போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மிளகு காயப் போட்டுக்கொண்டே யோசித்தேன். பச்சமலைக்காரர்களும் நாங்களும் அந்த அண்ணன் தம்பி கதையின்படி ஒன்றுதான். ஆனால் பச்சமலைக்காரர் ஒருவர் வந்து நீயும் நானும் என்ன முறை என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எங்கள் மலைக்குள்ளேயே அரியூர் நாடு என்ற பகுதியில் பிறந்து, திருப்புலி நாடு என்ற பகுதியில் பெண்ணெடுத்து, இரண்டு பக்கமும் தின்று வளர்ந்தவன் நான். என் வீட்டு வழியையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் பனி தேசத்துக்கு வம்சாவளி எழுதக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும்.

வைகாசியில் பையனும் அவன் அப்பா அம்மாவும் மகளோடு வந்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து அந்த அம்மாவைப் படுக்க வைத்துவிட்டன. என் மனைவி எலுமிச்சையும் உப்பும் கொடுத்து எழுப்பினாள். வெள்ளைக்காரி என்ற கூச்சமெல்லாம் அவளிடம் இல்லை, தலையைப் பிடித்து அமுக்கிவிட்டாள். மாலையில் அண்ணன் வந்தார். சம்மதம் சொல்ல அல்ல, வந்த விருந்தாளியைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்ற மரியாதைக்காக.

எனக்கு இருந்த கடைசி வழி ஒன்றுதான். டென்மார்க்காரரையே வீடியோவில் கூப்பிட்டு, தனக்கும் நார்வேக்கும் சம்பந்தமே இல்லை என்று அண்ணனிடம் சொல்ல வைப்பது. பொய் என்று எனக்குத் தெரியும். அப்போது எதற்கும் துணிந்திருந்தேன். கூப்பிட்டேன். நரைத்த தாடியோடு அவர் முகம் வந்தது. அண்ணனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

அவர் குரல் கேட்டதும், நாற்காலியில் சாய்ந்திருந்த அந்த அம்மா நிமிர்ந்தார். என் கையிலிருந்த போனை வாங்கி ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் அவரும் சொன்னார். அப்புறம் இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை. வாயில் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது என்று பையன் சொன்னது எதை என்று அப்போதுதான் விளங்கியது. சற்று முன்வரை வெளிறிக் கிடந்த முகத்தில் ரத்தம் ஓடியது. பையனைப் பார்த்தேன். அம்மா பிறந்தது டென்மார்க்கில்தான் என்றான், அது எல்லோருக்கும் தெரியும் என்பது போல. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா எந்த ஊரு?"

"நம்ம டென்மார்க்காரர் ஊருதானுங்க அண்ணா."

"கட்டிக் குடுத்தது?"

"நார்வேக்குங்க."

வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பங்காளிக்குள்ள பொண்ணு குடுப்பாங்களா? அப்ப அவங்க மாமன் மச்சான். நீ சொன்னது தப்பு" என்றார். பிறகு அந்த அம்மாவைக் காட்டி, "இது நம்ம பங்காளி கூடப் பொறந்தது. நம்ம ஊட்டுப் பொண்ணு. இதோட பையன் நம்ம பொண்ணுக்கு அத்தை மகன், முறை மாப்பிள்ளை. இதைவிட வேற என்ன பொருத்தம் வேணும்?" என்று கேட்டார்.

வந்த சந்தோஷத்தில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் எனக்குக் குழப்பம் மட்டும் போகவில்லை. நேற்று வரைக்கும் கட்டவே கூடாத முறை, இன்று கட்டியே தீர வேண்டிய முறை. அண்ணன் தம்பி என்று அவர்களே சொல்கிறார்கள், மாமன் மச்சான் என்று அண்ணன் சொல்கிறார், இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும்? டென்மார்க்காரரைக் கேட்டதற்கு, இத்தனை வருடத்தில் எங்களைப் பற்றிக் கேட்டதிலேயே தெளிவான விளக்கம் இதுதான் என்று எழுதினார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்றும் தெரியவில்லை.

கல்யாணம் நடந்தது. அண்ணன் தேங்காய் உடைத்தார், அத்தனை வீடும் வந்தது. பிறந்த வீட்டுச் சீராக அந்த அம்மாவுக்குப் புடவை வைத்துக் கொடுத்தார்கள். பந்தி முடிந்த பிறகு அந்த அம்மா என்னிடம் வந்து, அந்தப் பெரியவர் என்னை என்னவென்று கூப்பிட்டார் என்று இங்கிலீஷில் கேட்டார். இந்த வீட்டில் பிறந்த பெண் என்று சொன்னார் என்றேன். புடவையை மடியில் வைத்து நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். நார்வேயில் முப்பது வருடமாக இருக்கிறேன், நல்ல ஜனங்கள்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் எந்த ஊர் என்று இன்னும் கேட்கிறார்கள் என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஒரே மகுடத்துக்குக் கீழே இருந்த பக்கத்துத் தேசத்துப் பெண்ணையே முப்பது வருடமாகக் கேட்கிறார்கள் என்றால், கொல்லிமலையிலிருந்து போகிற என் பெண்ணை எத்தனை வருடம் கேட்பார்கள்? வாய்விட்டே கேட்டுவிட்டேன். தெரியவில்லை என்றார். பொய்யாகச் சமாதானம் சொல்லாததால் அந்த அம்மாவை எனக்கு அப்போதுதான் மிகவும் பிடித்தது.

அவர்கள் கிளம்பிய அன்று, கார் முதல் வளைவில் மறையும்வரை நான் ரோட்டிலேயே நின்றேன். என் மனைவி வந்து தோளில் கை வைத்தாள். "ஏனுங்க, அத்தை ஊட்டுக்குத்தானே போறா" என்றாள். அது அண்ணன் கண்டுபிடித்த கணக்கு, பனி தேசத்தில் யாருக்கு அது செல்லும் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

போன வாரம் மகள் போன் செய்தாள். அத்தையோடு கடைக்குப் போனாளாம். கல்லாவில் இருந்தவர் இவளைப் பார்த்து, நீ எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். இவள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டு, இவள் என் அண்ணன் மகள் என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். ஒன்றும் விளங்காமல் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டாராம்.