பள்ளத்தில் நின்ற புள்ளி

பிற்பகல் நான்கு பத்துக்கு மலை மீட்புக் குழுவிடமிருந்து போன் வந்தது. என் கணவர் லௌரியனின் ஜீப் மட்டும் கிடைத்ததாம், அவரைக் காணவில்லை. ருமேனியாவின் அபுசேனி மலைகளில் காட்டுப்பாதையில் ஜீப் ஓட்டுபவர்களின் லேப்டாப்பில் பழைய ராணுவ வரைபடங்களை ஏற்றி, ஜிபிஎஸ் இணைத்துத் தருவதுதான் அவர் வேலை. அன்று காலையும் எங்கள் மேசைமேல் அப்படி ஒரு லேப்டாப் இருந்தது. எங்கள் வீட்டைக் காட்ட வேண்டிய சிவப்புப் புள்ளி, திரையில் ஓநாய்ப் பள்ளத்தில் நின்றது.

“வெத்தா, நம்ம வீட்டையே பள்ளத்துல தள்ளிடுச்சு பாரு,” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“நீங்க செஞ்ச லட்சணம் அப்படி!”

“இன்னும் முடிக்கலடி. பாதையைப் பாத்துட்டு வந்து சரிபண்றேன்.”

போன் வந்தபோதும் புள்ளி அங்கேயே நின்றது. மீட்புக் குழுவிடம் அந்த இடத்தைச் சொன்னேன். ஜீப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அங்கேதான் அவர் உடலை எடுத்தார்கள்.

வரைபடத்தின் நான்கு மூலைகளுக்கும் ஜிபிஎஸ் அளவு பொருத்தினால்தான் புள்ளி சரியான இடத்தைக் காட்டும். லௌரியன் மூன்றுக்குத்தான் பொருத்தியிருந்தார்.