முப்பத்தொரு பேருக்கு ஒரே விலாசம்

கல்லூரியில் இரண்டாம் வருடம் முடிந்த கோடை விடுமுறையில் நான் பங்கு விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் பம்பாயை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கம்பெனி காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் இருந்தது. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு டெலிபோன். டெலிபோனுக்குப் பூட்டு உண்டு. சாவி முதலாளியின் இடுப்பில் இருக்கும்.

புதிதாகத் தொடங்கும் ஆலைகளுக்குப் பங்குதாரர் பிடித்துக் கொடுப்பது முதலாளியின் தொழில். அந்த வருடம் ஒரு நூற்பாலைக்கான விண்ணப்பத் தாள்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தன. ஒரு பங்கு பத்து ரூபாய், குறைந்தது ஐம்பது பங்கு வாங்க வேண்டும். கோடைக்கு இரண்டு மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும்படி எங்கள் பேராசிரியரிடம் முதலாளி கேட்டிருந்தார். வந்த இருவரில் ஒருவன் முதலாளியின் மச்சினர் மகன். பேராசிரியர் அனுப்பியிருக்காவிட்டாலும் வந்திருப்பான். இன்னொருத்தி நான்.

எங்கள் இருவரில் அதிக விண்ணப்பம் கொண்டுவருகிறவருக்குப் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அது விளையாட்டு விஷயம் இல்லை. அப்பா ஒக்கூரில் விவசாயம். என்னை இரண்டு வருடம் படிக்க வைத்ததே அதிகம் என்று அவருக்கு எண்ணம். ஆவணியில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டோடு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "வேலைக்கு எடுத்துக்கிறோம்னு எழுதிக் குடுத்தாகன்னா மூணாம் வருசமும் படி. இல்லேன்னா நான் சொல்றதக் கேளு" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். நூற்பாலை ஓடுமா ஓடாதா என்பதைவிட எனக்கு என் ஆவணி முக்கியமாக இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் பெண்பிள்ளை எதற்கு என்று எனக்கே சந்தேகம். முதலாளி விளக்கினார்.

"ஆம்பளைக பணமெல்லாம் வட்டிக்குப் போயிருச்சு. பொம்பளைக கையில இருக்கிறதுதான் சும்மா கெடக்கு. இந்தப் பய முகப்போட நிக்கணும். நீ உள்ள போலாம்."

உள்ளே இருந்த பணத்துக்குப் பெயர் சிறுவாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது, பால் விற்றது, அண்ணன் தம்பி வந்துபோகும்போது கையில் வைத்தது என்று பெண்கள் புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்து வைப்பது. புருஷனுக்குத் தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர் சிறுவாடு இல்லை, அவர் பணம்.

தினமும் ஒக்கூரிலிருந்து திருப்பத்தூர் வந்து, அங்கே பஸ் மாறி, காரைக்குடி போய்ச் சேர இரண்டு மணி நேரம். முதல் வீட்டில் ஓர் ஆச்சி எனக்கு மோர் கொடுத்து, நான் சொன்னதை எல்லாம் கேட்டார். லாபத்தில் பங்கு, வருடா வருடம் வரும்படி, எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடுதாசி எதுவும் வீட்டுக்கு வருமாத்தா?"

"வரும் ஆச்சி. ரிஜிஸ்டர் தபால்ல வரும்."

"அப்ப வேண்டாம். தபால்காரன் முகப்புல இருக்கிறவுககிட்டக் குடுத்துட்டுப் போவான். அவுக பிரிச்சுப் பாப்பாக."

இரண்டாவது வீட்டிலும் இதே கேள்வி. மூன்றாவது வீட்டில் கேள்விகூட இல்லை, கையால் உறை பிரிப்பதுபோல் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மறுநாள் முதல் வீட்டுக்கே போய், "எங்க வீட்டு விலாசத்தப் போட்டுக்கிறேன் ஆச்சி. கடுதாசி ஒக்கூருக்கு வரும். நான் கொண்டாந்து உங்க கையில குடுப்பேன்" என்றேன். ஆச்சி எழுந்து போய் அரிசிக் குதிருக்குப் பின்னாலிருந்து ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்தார்.

அதன் பிறகு எனக்கு விற்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஓர் ஆச்சி இன்னோர் ஆச்சியிடம் அனுப்புவார். அனுப்பும்போது, தான் வாங்கியதைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்வார். கோவிலூர்ப் பக்கம்வரை போனேன். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருந்த இரண்டு பேர், எதிர்வீட்டுக்காரர் வாங்கிவிட்டாரா என்று தனித்தனியே என்னிடம் கேட்டார்கள். இருவரிடமும் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எல்லாத் தாளையும் நானே நிரப்பினேன். எல்லாவற்றிலும் ஒக்கூர் விலாசம்.

ஒருநாள் வீட்டில் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மா ஆட்டிக்கொண்டிருந்த மாவை வழித்து வைத்துவிட்டுக் கை கழுவினாள். புளிப் பானைக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள்.

"எனக்கும் ஒண்ணு எழுது. இதுல ஐநூறு இருக்கும்."

இருந்தது. நோட்டெல்லாம் புளி வாடை. எத்தனை வருடத்துச் சேமிப்போ. அம்மாவோடு சேர்த்து முப்பத்தொன்று. மச்சினர் மகன் நான்கு கொண்டுவந்திருந்தான், நான்கும் அவன் மாமன்மார். முதலாளி என் விண்ணப்பக் கட்டை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். விலாசத்தை அவரும் பார்த்தார். அது நல்ல யோசனை என்றுதான் அவரும் நினைத்தார்.

மூன்று வாரத்தில் நூற்பாலையின் சென்னை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே கையெழுத்தில், ஒரே விலாசத்தில் முப்பத்தொரு விண்ணப்பங்கள் வந்திருப்பதாகவும், ஒரே ஆள் பினாமிப் பெயர்களில் போட்டிருப்பதாகச் சந்தேகிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். ஒக்கூரில் எங்கள் வீடு இரண்டு அறை. அதில் முப்பத்தொரு பெண்கள் குடியிருப்பதை நம்ப அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். விண்ணப்பித்தவர்கள் ரேஷன் கார்டோடு எங்கள் கம்பெனிக்கு நேரில் வந்து தங்கள் அதிகாரியின் முன் கையெழுத்துப் போட வேண்டும், வராதவர்களுக்குப் பங்கு கிடையாது என்று நாளும் குறித்திருந்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முதலாளி முன்பு சொன்னதை மறந்துவிட்டு, "எந்த முட்டாளாவது ஒரே விலாசத்தப் போடுவானா?" என்று கேட்டார். "வரவச்சுக் காட்டு. அப்புறம் வேலையப் பத்திப் பேசு."

மறுபடி வீடு வீடாகப் போனேன். முதல் ஆச்சியின் வீட்டில் அவர் கணவர் முகப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆச்சி உள்ளிருந்து வந்து என்னைப் புதிதாகப் பார்த்தார்.

"யாருத்தா நீ? தண்ணி வேணுமா?"

தண்ணீர் கொடுக்கும்போது, "பணத்தத் திருப்பி வாங்கிக் குடுத்துரு, தாயி" என்று உதடு அசையாமல் சொன்னார். மற்ற வீடுகளிலும் அநேகமாக இதுதான். ரேஷன் கார்டு ஆண்களின் பெட்டியில் இருக்கிறது. அதைக் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

குறித்த நாளில் சென்னை அதிகாரி எங்கள் மாடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து மூன்று மணிவரை யாரும் வரவில்லை. மச்சினர் மகன் எனக்காக வருத்தப்படுவதாகச் சொன்னான். மூன்றரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் அப்பா வந்தார். கையில் ரேஷன் கார்டு. பின்னால் அம்மா, பெட்டியின் அடியில் கிடந்து மடிப்புக் கலையாத சேலையில்.

அம்மா அந்தக் கார்டை அவரிடம் கேட்டிருக்கிறாள். அதாவது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதிகாரி தாளை நீட்டினார். அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

"இது உங்க சொந்தப் பணம்தானா?" என்று அதிகாரி கேட்டார்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எம் பணந்தேன். எம் மக வேலைக்காகப் போட்டது" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. முதலாளி, மச்சினர் மகன், சென்னை அதிகாரி எல்லார் முன்னாலும் அழுதேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

அம்மாவின் விண்ணப்பம் மட்டும் ஏற்கப்பட்டது. அவனுக்கு நான்கு, எனக்கு ஒன்று என்ற கணக்கில் வேலை மச்சினர் மகனுக்குப் போனது. முதலாளி ஆச்சிமார் பணத்தைத் தன் கையிலிருந்து ரொக்கமாகக் கொடுத்தனுப்பினார், அந்த விஷயத்தில் அவர் கண்ணியமானவர். முப்பது வீட்டுக்கும் யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு ஆச்சிமார் இத்தனை நாளைக்கு வட்டி கேட்டார்கள். அது என் பயிற்சிச் சம்பளத்தில் போயிற்று.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் ஒக்கூருக்கு வந்தார்கள். பதினைந்து பவுனுக்குக் குறையாது என்றார்கள். அப்பாவிடம் பதின்மூன்றுக்கு வழி இருந்தது. அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், அம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்டார்.

"அந்தப் பங்குல போட்ட பணத்த இப்ப எடுக்கலாமாத்தா? ரெண்டு பவுனுதேன் இடிக்குது."

எடுக்கலாம். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஆள் பார்த்து விற்றுக் கொடுப்பார். எந்த நேரமும் காசாக்கலாம் என்பதைத்தான் நான் கோடை முழுக்க வீடு வீடாகச் சொல்லியிருந்தேன். அம்மாவிடமும் சொல்லியிருந்தேன்.

"மூணு வருசத்துக்கு எடுக்க முடியாதுப்பா" என்றேன்.

அப்பா நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஆமா, அந்தத் தாள்லயே அப்படித்தேன் போட்டிருக்கு. படிச்சுப் பாத்துத்தேன கையெழுத்துப் போட்டேன்."

தாள் முழுக்க இங்கிலீஷ். அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அது அப்பாவுக்கும் தெரியும். அவர், இந்த ஆவணிக்கு இல்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தபால் கார்டு எழுத என்னிடம் பேனா கேட்டார்.