மடுல்சீமை ஓடையும் ஒரு செம்புப் பாலும்

போன புரட்டாசியில் மடுல்சீமைத் தேயிலை மலைக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல, நேர்த்திக்கடன் தீர்க்க. என் பேத்தி எடை குறைவாகப் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, "ஆத்தா, பிள்ளைய வீட்டுக்கு அனுப்பு, மலை உச்சி ஊத்துல வந்து பால் ஊத்துறேன்" என்று வேண்டியிருந்தேன். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். அனுப்பி வைத்தவளைக் காக்க வைக்கலாமா?

பதுளையில் காலை ஆறரை பஸ். பசறை வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஜன்னலோரம் உட்காருங்கள். பசறை தாண்டியதும் பனி விலக விலக மலை ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து வருகிறது. நான் பிறந்த மண்தான், இருந்தும் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ, எண்ணூறு ரூபாய். நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். டிரைவர் தம்பி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தத்துல பேசுங்கம்மா. எறக்கத்துல மட்டும் சாமி கும்பிட்டுக்கங்க, பிரேக்குக்கும் ஒரு தொணை வேணும்."

அண்ணன் பெண்சாதி, என் மதினி, தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் காத்திருந்தாள். அவள் வீட்டு மாட்டுப் பால் ஒரு செம்பு வாங்கிக்கொண்டு இருவரும் ஏறினோம். கடைசித் தேயிலை வரிசை முடிகிற இடத்தில் காடு. உள்ளே காலை வைத்ததும் கருவறைக் குளிர்ச்சி. ஆளுயரத்துக்கு மேலே விரிந்த பெரணி, பாசி போர்த்திய மரங்கள், நடுவில் ஓடை. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை; அடியில் மணல் மட்டும் துகள்துகளாக நகர்கிறது. கல்லைக் கவ்விக்கொண்டு தவளைக் குஞ்சுகள், மேலே நீலச் சிறகுத் தும்பிகள். பாறைக்கடியில் ஊற்று சத்தமே இல்லாமல் பிறக்கிறது. இதையெல்லாம் யார் பார்ப்பதற்காக இங்கே கொண்டுவந்து வைத்தாள் ஆத்தா?

விளக்கு வைக்க இடம் பார்த்து ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் ஒரு நண்டு. வயிற்று மடிப்புக்குள் கடுகு கடுகாகக் குஞ்சுகள், ஒவ்வொன்றுக்கும் கால், கொடுக்கு எல்லாம் இருந்தது. தாய் நண்டு ஓடவில்லை. இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றது.

மதினி எட்டிப் பார்த்தாள். "பிள்ள பெத்தவ வீட்டுலயா பால ஊத்தப் போற? போன வருசம் யாரோ ஊத்துனாங்க. கல்லெல்லாம் கொழகொழன்னு நாறிப்போச்சு. இந்தத் தண்ணிதான் பைப்புல நம்ம பீலிக்கு, குடிக்க, வருது."

"வேண்டிக்கிட்டேனே மதினி. ஊத்தாமப் போயி பிள்ளைக்கு ஒண்ணுன்னா?"

நண்டு கொடுக்கை இறக்கவே இல்லை. கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் என் மகள் அப்படித்தான் நின்றாள், நர்ஸ் சொல்லியும் நகராமல். கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு, விளக்கைத் தள்ளிப்போய்ப் பாறையில் ஏற்றினேன்.

பால் செம்போடு இறங்கினோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, பீலிக்கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மதினி அந்தப் பாலில் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டாள். "யாருக்குடி கல்யாணம், இன்னைக்குப் பால் டீ?" என்று ஒருத்தி கேட்டாள். "ஊத்துக்கிட்ட பிள்ள பொறந்திருக்கு" என்றாள் மதினி.

பயம் மட்டும் போகவில்லை. போனில் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "ஊத்தாதது நல்லதும்மா. பாப்பா இப்பதான் பால் குடிச்சிட்டுத் தூங்குறா" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

போகிறவர்களுக்கு: அட்டைக்கு உப்பும் எலுமிச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். பகல் சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள், பனி மூடினால் வழி தெரியாது. பால் கொண்டுபோனால் லயத்தில் கொடுங்கள். ஓடையில் கல்லைப் புரட்டினால் இருந்தபடியே வைத்துவிடுங்கள். அடியில் யாராவது பிள்ளை பெற்றிருப்பார்கள்.