ஒரே சந்தை நாளில் செத்தவர்கள்

என் கல்யாணத்தை நிறுத்தியது ஒரு மொட்டை. நான் போட்ட மொட்டை இல்லை. என் அப்பாவைப் பெற்ற அப்பாரு போட்டதாக ஒருவர் சொன்ன மொட்டை. அப்பாரு மண்ணுக்குள் போய் அப்போது என் வயதைவிட அதிக காலம் ஆகியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் தலையைப் பற்றி நான் ஊர் ஊராகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசி வருடங்கள் அவை. கொல்லிமலையில் தேவனூர் நாடு எங்களுடையது. பெண் குண்டூர் நாட்டுக்காரி. இரண்டு வீட்டாரும் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அப்போது பெண்ணின் ஊரில் ஒரு கிழவர் இது நடக்கக் கூடாது என்றார். பெண்ணின் அப்பாரு விஷக்காய்ச்சலில் செத்தபோது என் அப்பாரு வந்து தீட்டுக் காத்து, மொட்டை போட்டு, மீசை எடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

கீழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். பங்காளி என்றால் அண்ணன் தம்பி வழி வந்தவன். பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி முறை, அவளைக் கட்ட முடியாது. யார் யாருக்குப் பங்காளி என்று எங்கள் மலையில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு சாவில் யார் மொட்டை போட்டார்கள் என்று பார்ப்பார்கள், அதுதான் கணக்கு. என் அப்பாரு அந்தச் சாவில் மொட்டை போட்டிருந்தால் நானும் அவளும் அண்ணன் தங்கச்சி. பேச்சு அதோடு முடிந்தது.

அந்தக் காய்ச்சல் இரண்டு நாட்டிலும் பெரியவர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. என் அப்பா அப்போது சிறுவன், காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தவர். பெண்ணின் அப்பா தாய்மாமன் ஊரில் இருந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவரைக் கூட்டி வந்தார்கள். பார்த்தேன் என்று சொல்ல மிஞ்சியிருந்தவர் அந்தக் கிழவர் ஒருவர்தான். இல்லை என்று சொல்ல யாருமில்லை.

நான் நேரே அவரிடம் போனேன். மரவள்ளிக் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"அப்புச்சி, நீங்க சொன்னது மெய்தானுங்களா?"

"அப்புச்சிங்காதே. அது அம்மாளப் பெத்தவனக் கூப்புடறது. நீ பங்காளி ஊட்டுப் பையன். அப்பாருன்னு கூப்புடு."

"நா அப்புச்சின்னுதானுங்க கூப்புடுவேன். எங்க அப்பாரு மொட்டை போட்டதக் கண்ணுல பாத்தீங்களா?"

"ரெண்டு கண்ணுலயும் பாத்தேன். மூணாவது இருந்திருந்தா அதுலயும் பாத்திருப்பேன். போ."

வீட்டில் அப்பா என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "மலையில வேற பொண்ணா இல்ல?" என்றார். இருக்கிறது, எனக்கு இந்தப் பெண்தான் வேண்டும் என்றேன். என் ஆத்திரம் அவருக்குத் தெரியும். அதோடு விட்டுவிட்டார்.

குண்டூர் நாட்டுப் பட்டக்காரர், அதாவது நாட்டுக்குத் தலைவர், அமாவாசைக்குள் சாட்சி கொண்டுவந்தால் கேட்கிறேன் என்றார். சாட்சிக்கு நான் எங்கே போவது? எங்கள் வீட்டில் தெரிந்தது ஒன்றுதான். என் அப்பாருவும் அதே காய்ச்சலில்தான் செத்தார். அவர் முந்திச் செத்திருந்தால் கிழவர் சொன்னது பொய். செத்தவன் எழுந்து வந்து மொட்டை போட மாட்டான். ஆக, இருவரில் யார் முந்தி என்று தெரிந்தால் போதும்.

சர்க்கார் சாவை எழுதி வைக்கிறது என்று எனக்குத் தெரியும். சிறு வயதில் அடிவாரத்தில் ஒரு பண்ணையத்தில் மாடு மேய்த்தேன். பண்ணைக்காரர் பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். நிலத்தைத் தன் பேருக்கு மாற்ற அந்தப் பண்ணைக்காரர் தாலுகா கச்சேரியில் தன் தகப்பனாரின் மரணக் கணக்கை நகல் எடுத்துவந்தார். அவருக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்க வேண்டும் என்று மலை இறங்கினேன்.

கச்சேரிக் குமாஸ்தா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"செத்த தேதி என்ன?"

"அது தெரிஞ்சா நா எதுக்குங்க மலைய எறங்கி வாரேன்?"

"தேதி இல்லாமத் தேட முடியாது."

"தேதியத் தேடித்தானுங்க வந்திருக்கேன்."

"மலைக்காரனுக்கு வாய் நீளம்."

"காலும் நீளந்தானுங்க. நாளைக்கும் வருவேன்."

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். இரவில் பழைய பண்ணைக்காரரின் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். நான் கெஞ்சவில்லை. அவர் வாசற்படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசியில் குமாஸ்தா கட்டு ஒன்றைத் தேடி எடுத்து எனக்கு முன்னால் போட்டார்.

"இதுதான் காய்ச்சல் வருசம். படிக்கத் தெரிஞ்சாப் படிச்சுக்க."

தெரியாது என்று நினைத்துச் சொன்னார். நான் படித்தேன்.

என் அப்பாருவின் பெயர் இருந்தது. அவர் பெயரை எழுத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே கீழே தேடினேன். சில வரி தள்ளிப் பெண்ணின் அப்பாரு. காரணம் இருவருக்கும் காய்ச்சல். தேதியைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே தேதி.

மேலே இருந்தவருக்கும் அதே தேதி. கீழே இருந்தவருக்கும் அதே தேதி. பக்கத்தைத் திருப்பினேன். அங்கும் அதுவேதான். ஆண்கள், கிழவிகள், பெயர் வைக்காத குழந்தைகள். பெண்களுக்குப் பெயரே எழுதவில்லை, இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் மகள் என்று போட்டிருந்தது. இரண்டு நாட்டுச் சனமும் ஒரே நாளில் செத்ததாகக் கணக்கு.

குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"அன்னிக்குச் சந்தையா இருக்கும்ப்பா. உங்க மலைக் கங்காணி, ஊர்ச் சேதி சொல்றவன், சந்தைக்கு எறங்குனப்ப இங்க வந்து சொல்லியிருப்பான். சொன்ன நாளத்தான் எழுதுவாங்க."

"அதுக்கு முன்னால செத்தவங்க?"

"சர்க்கார் கணக்குல எல்லாரும் அன்னிக்குத்தான் செத்தாங்க. மலையேறிப் பாக்கறதுக்கு ஆள் ஏது?"

மரத்தை எண்ண ஆள் இருந்தது. காட்டில் ஆடு நுழைந்தால் பிடித்துக் கட்ட ஆள் இருந்தது. வரி வாங்க ஆள் இருந்தது. மழைக்காலம் முழுக்க வீடு வீடாகச் செத்ததைப் பார்க்க மட்டும் ஆள் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தேன். தாள் கேட்டேன், கொடுத்தார். அந்தத் தேதியில் செத்த எல்லோரையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். இரண்டு பெயரை மட்டும் கொண்டுபோனால், ஒரே நாள்தானே, காலையில் செத்தவனுக்கு மொட்டை போட்டுவிட்டுச் சாயங்காலம் அவனும் செத்தான் என்றுகூடக் கிழவர் சொல்வார். எல்லோரையும் காட்டினால்தான் அந்தத் தேதி எவ்வளவு பெரிய பொய் என்று விளங்கும்.

மலை ஏறி வந்ததும் என் மாமன் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"மாப்ள, உன்ற அப்பாரு பத்து நாளு முந்திச் செத்தாருன்னு படிச்சுடு. இங்க எவனுக்கு எழுத்துத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்ல."

"உனக்குப் பொண்ணு வேணுமா, எழுத்து வேணுமா?"

மாற்றிப் படிக்க ஆசையாகத்தான் இருந்தது. வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் கிழவர் பொய் சொல்கிறார் என்று சண்டைக்குப் போகிறவன் நான். என் கையிலும் பொய் இருந்தால் எந்த வாயோடு கத்துவது?

அமாவாசையன்று குண்டூர் நாட்டில் பெண்ணின் ஊர்க் களத்தில் கூடினார்கள். பட்டக்காரர் நடுவில், கிழவர் அவருக்குப் பக்கத்தில். பெண்கள் பின்னால் நின்றார்கள். நான் எழுந்து, இதில் இருவருக்கும் ஒரே தேதி போட்டிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கிழவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"இத வாங்கவா மலைய எறங்கிப் போன? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"இருங்க அப்புச்சி. அந்த ஒரு நாள்ல இன்னும் யாராரு செத்தாங்கன்னு கேட்டுட்டுச் சிரிங்க."

படித்தேன். முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருவர், "அது எங்க பெரியப்பன்" என்றார். பின்னால் ஒரு பெண், "எங்க ஆயா அன்னிக்குச் சாவல, ஆடி நோம்பி முடிஞ்சதுமில்ல செத்துது" என்றாள். நான் நிறுத்தவில்லை. அடுத்த வரியில் கிழவரின் பெயர் இருந்தது. அவர் பெயரைச் சொல்லி, பெண்சாதி, காய்ச்சல், அதே தேதி என்று படித்தேன்.

கிழவர் எழுந்துவிட்டார்.

"நிறுத்துடா. அவ அன்னிக்குச் சாவல."

"கணக்குல அப்படித்தானுங்க இருக்குது."

"கணக்கக் கொண்டுபோயி அடுப்புல வெய்யி. சாமை பால் புடிக்கற நேரம் அது. நா பக்கத்துல உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியாதா? கங்காணி சந்தைக்குப் போனது சாமை அறுத்துத் தூத்துனதுக்கு அப்பறம். அவ பொறந்த ஊடு எதுன்னு தெரியுமாடா உனக்கு? உங்கூருதான். பொறந்த ஊட்டுக் கோடி கொண்டாங்கன்னு ஆளு உட்டேன். போனவன் வெறுங்கையோட திரும்பி வந்தான். ஊரே இடுகாட்டுல நிக்குது, உன்ற அப்பாரப் பொதைச்சுட்டு இருக்கறாங்க, ஒருத்தரும் வர்றாப்புல இல்லைன்னான். பொறந்த ஊட்டுத் துணி மேல படாமப் போனா அவ. இந்தப் புள்ளையோட அப்பாருதான் தன்ற கம்பளியக் கழட்டிப் போத்துனாரு. தூக்கறதுக்கு நானும் அவரும் ரெண்டே பேரு."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் அண்ணன் தம்பி வீட்டிலிருந்து புதுத் துணி வந்து அவள்மேல் விழ வேண்டும். அதுதான் கோடி. அது வராமல் புதைத்தால் அவள் நாதியற்றவள் என்று அர்த்தம்.

பட்டக்காரர் மெல்லக் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு இந்தப் புள்ளையோட அப்பாரு உசுரோட இருந்தாரு."

"இருந்தாரு. இல்லாமயா கம்பளி போத்துனாரு?"

"இந்தப் பையனோட அப்பாரு மண்ணுக்குள்ள."

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று கிழவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்பறம் மொட்டை போட்டது யாருங்க?" என்றார் பட்டக்காரர்.

"எவனும் போடல. அந்த வருசம் போடறதுக்கு ஆளேது?" கிழவர் என்னைப் பார்த்தார். "கோடி கொண்டாராத ஊருக்கு எங்கூருப் பொண்ணு போவக்கூடாது. அவ்வளவுதான்."

"அத அன்னிக்கே அப்படியே சொல்லியிருக்கலாமில்லீங்க. அதுக்கு எதுக்கு எங்க அப்பாரு தலைய மழிச்சீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். பட்டக்காரர், முறை சரி, பேசியபடி நடத்துங்கள் என்றார்.

அப்பா என் கையைப் பிடித்தார். "போயி அவரு கால்ல உளு. ஊர் நடுவுல அவரு பொண்டாட்டி சாவப் படிச்சுட்ட."

"உள மாட்டேன்."

இன்றுவரை விழவில்லை. அவர் துக்கம் பெரியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அன்றைக்கு வேண்டுமென்றா வராமல் போனார்கள்? பிணத்தைக் குழியில் பாதி இறக்கிவிட்டுக் கோடி எடுக்கவா ஓடுவார்கள்? அதற்கு இத்தனை வருடம் கழித்து என்னைப் பிடித்து ஒரு பெண்ணுக்கு அண்ணனாக்கப் பார்த்தார். நிச்சயம் நின்றுபோனவள் என்று அவள் பாதி வாழ்க்கையைத் தகப்பன் வீட்டில் கழித்திருப்பாள். துக்கப்படுகிறவன் பொய் சொல்லலாம் என்று எந்த நாட்டிலும் கட்டு இல்லை. ஒரு மழைக்காலத்துச் சாவையெல்லாம் ஒரே நாளில் அடைத்தானே, அந்தக் கச்சேரிக்காரன் வந்து அவர் காலில் விழட்டும்.

களத்தைத் தாண்டி வழியில் இறங்கும்போது அவள் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மாமன் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏனுங்க, ஊர்ச் சாவையெல்லாம் படிச்சுத்தான் ஒரு பொண்ணக் கேப்பீங்களா?"

"வேற வழி உட்டாங்களா?"

"எங்க அப்பாரு பேர இன்னுங் கொஞ்சம் சத்தமாப் படிச்சிருக்கலாம். பின்னால கேக்கல."

அங்கேயே நின்று சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் தழையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

பேசியபடியே கல்யாணம் நடந்தது. என் அப்பா போய்க் கூப்பிட்டும் கிழவர் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவில்லை.