பௌர்ணமியன்று வாங்கிய விரால்

மீனின் வயிற்றைக் கீறிப் புழுவை எடுத்துக் காட்டும் வீடியோ ஒன்று அவ்வப்போது செல்போனில் வந்து சேர்கிறது. எங்கள் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு அதை அனுப்பி, இனிமேல் மீனே தொடப்போவதில்லை என்று சபதம் செய்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை மீன் கடையில் பார்க்கலாம். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் குமட்டுவதில்லை. அம்மாவின் ஞாபகம்தான் வருகிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் அப்பாவிடம், "என்ன கேக்கறாங்களோ குடுங்க, எதுக்கும் தடையில்ல" என்றார். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். முந்தைய வருஷம் மஞ்சள் காமாலை வந்து, உப்பில்லாத கஞ்சி குடித்தே என் நாக்கு செத்துப்போயிருந்தது. பத்தியம் இருந்தால் நோய், பத்தியம் இல்லையென்றால் நோய் தீர்ந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அம்மாவுக்குச் சரியாகிவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அம்மா எதையுமே கேட்கவில்லை. அப்பா வாங்கி அடுக்கிய பழங்கள் அழுகின. ஒருநாள் மத்தியானம், யாரும் கேட்காமலேயே, "விரால் கொழம்பு இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்" என்றாள்.

அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்தது. பௌர்ணமியில் எங்கள் தெருவில் முட்டை ஓடுகூடக் கண்ணில் படாது. அப்பா இந்த விஷயத்தில் எல்லோரையும் விடக் கறார். முந்தின நாள் மீன் சட்டியைக் கழுவாமல் வைத்ததற்காக ஒரு பௌர்ணமி முழுக்க அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். அவர்தான் சட்டையை மாட்டிக்கொண்டு, "பாப்பா, வா, கீழ்பென்னாத்தூர் போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அசைவத்தை விட்டுப் பல வருஷமானவள். வாசலில் குறுக்கே நின்றாள்.

"இன்னிக்கு வேணாண்டா தம்பி. நாளைக்கு வாங்கிக் குடு, நானா வேணான்றேன்?"

"நாளைக்குக் கேப்பாளான்னு தெரியாதுக்கா" என்றார் அப்பா.

கீழ்பென்னாத்தூரில் ஏரி மீன் விற்றவர் பெரிய விராலாகப் பார்த்துத் தொட்டியிலிருந்து எடுத்தார். வெட்டித் தரவா என்று கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்றுவிட்டார். வெட்டினால் நாறும், உயிரோடு போனால் யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம். ஈரத் துணியில் சுற்றி மஞ்சள் பையில் போட்டு, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பினார்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் கிரிவலக் கூட்டம் சேர்ந்து, போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வண்டியை ஒரு ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தோம். விராலுக்குப் பௌர்ணமி தெரியுமா? பை துள்ளியது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், "என்னாங்க அது, கீர ஆடுது?" என்றார். அப்பா அவரைத் திரும்பியும் பார்க்காமல், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று உரக்கக் குரல் கொடுத்தார். அந்த அம்மாளும் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீடு வரைக்கும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா சிரிக்கவே இல்லை.

அத்தை மீனைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதுவரை மீனைத் தட்டில் மட்டுமே பார்த்திருந்த அப்பா, கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் சாம்பலைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மீன் கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அதை அடித்து, வயிற்றைக் கீறினார். உள்ளே சிவப்புச் சிவப்பாக, நூல் நூலாகச் சுருண்டு கிடந்ததைக் குடல் என்றுதான் நினைத்தேன். அது அசைந்தது. சதைக்குள்ளிருந்தும் ஒன்று நெளிந்து வெளியே வந்தது.

அத்தை கதவோரமாக நின்று எட்டிப் பார்த்தாள். "பாத்தியாடா, கண்ணுலயே காட்டிட்டாரு" என்று மலையை நோக்கிக் கைகூப்பினாள்.

அப்பா வாழை மரத்தடியில் குழி தோண்டி மீனைப் போட்டு மூடினார். மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார். மிதித்துக்கொண்டே அழுதார். போயும் போயும் ஒரு மீனுக்காக இவ்வளவு பெரிய மனுஷர் அழுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே அம்மா, யாரும் தூக்கிவிடாமல், தானாகவே எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "புளி கரைச்சாச்சா?" என்று கேட்டாள்.

"மீன் பூரா புழும்மா. பொதைச்சிட்டேன்" என்றார் அப்பா.

அம்மா அவரையே பார்த்தாள். "பொதைச்சிட்டீங்களா? ஏரி மீன்னா சில சமயம் அப்படித்தாங்க இருக்கும். அத எடுத்துப் போட்டுட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு அலசி, நல்லா வேக வெச்சா ஒண்ணும் பண்ணாது. இத்தினி வருஷமா அப்படித்தானே ஆக்கிப் போட்டேன். சொன்னா தொடமாட்டீங்கன்னு சொல்லல."

அப்பா மண் ஒட்டிய கைகளோடு நின்றார். பிறகு மிகவும் சின்னக் குரலில், "தோண்டி எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

"வேணாங்க. ஆச போயிடுச்சு" என்று சொல்லி அம்மா படுத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷமாகப் புழு இருந்த மீனைத் தின்றிருக்கிறோம் என்பதுதான் எனக்கு அப்போது பெரிய துக்கம். குழாயடிக்கு ஓடி, வாய் வலிக்கும்வரை கொப்பளித்தேன். வந்து பார்த்தபோது அப்பா ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு வாய் வாங்கி, விழுங்க முடியாமல் வெளியே எடுத்துவிட்டாள். அவள் கேட்டது இரண்டு வாய். ஒரு மனுஷிக்கு அதைக் கூடக் கொடுத்து அனுப்ப முடியவில்லையே என்று நினைத்தால், இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்கு அப்பாவைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அதுக்கின்னாப்பா, அடுத்த ஞாயித்துக்கெழம வேற விரால் வாங்கிக்கலாம். அம்மாவையே கழுவச் சொல்லலாம்" என்றேன். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்து, மூச்சு முட்டும்படி அணைத்துக்கொண்டார். நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.